'பிரேக் பிடிக்கவில்லை' என்றால் என்ன பொருள்? காட்டுப்பாதை ஜீப்புக்கு எந்த பிரேக்கை மாற்றுவது?

மலைப்பாதை விபத்துச் செய்திகளில் 'பிரேக் பிடிக்காததால் வாகனம் கட்டுப்பாட்டை இழந்தது' என்ற வரி அடிக்கடி வருகிறது. அந்த ஒரு வரிக்குள் குறைந்தது நான்கு வேறுபட்ட கோளாறுகள் அடங்கியிருக்கின்றன. டயர் சாலையைப் பிடிக்காமல் வழுக்கியிருக்கலாம். பிரேக் பேட் சூடேறி உராய்வை இழந்திருக்கலாம். பிரேக் ஆயில் கொதித்திருக்கலாம். வண்டியில் பின்னர் ஏற்றிய எடைக்கும் பெரிய டயருக்கும் பிரேக்கின் பலம் போதாமல் போயிருக்கலாம். நான்குக்கும் மருந்து வேறு.

மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி, பழைய ஜிப்ஸி போன்ற வண்டிகளை வைத்திருப்பவர்கள் முதலில் செய்யும் மாற்றங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை: பெரிய டயர், வண்டியின் உயரத்தைக் கூட்டும் லிஃப்ட் கிட், இரும்பு பம்பர், கூரையில் கேரியர். சில மாதங்களில் வண்டி முன்போல் நிற்பதில்லை என்ற உணர்வு வருகிறது. உடனே கடைக்குப் போய்ப் பெரிய டிஸ்க் கேட்கிறார்கள். பின்சக்கரத்துக்கும் டிஸ்க் போட முடியுமா என்று விசாரிக்கிறார்கள். நோய் எது என்று பார்க்காமல் விலை உயர்ந்த மருந்தை வாங்கும் செயல் அது. எந்த உறுப்பு தளர்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்தால், பல வண்டிகளுக்குச் சில ஆயிரம் ரூபாயிலேயே வேலை முடிந்துவிடும்.

## பிரேக் செய்யும் வேலை

பெடலில் காலை வைத்ததும் ஒரு சங்கிலி இயங்குகிறது. கால் கொடுக்கும் அழுத்தத்தை நெம்புகோல் பெருக்குகிறது. பூஸ்டர் அதை மேலும் பெருக்குகிறது. மாஸ்டர் சிலிண்டர் அதை பிரேக் ஆயிலின் அழுத்தமாக மாற்றுகிறது. அந்த அழுத்தம் குழாய் வழியே காலிப்பருக்குப் போய், அதிலுள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது. உராய்வுப் பட்டையான பேட், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இறுக்குகிறது. டிரம் பிரேக்கில் டிஸ்க்குக்குப் பதில் உருளை, பேடுக்குப் பதில் உள்ளிருந்து விரியும் ஷூ.

இத்தனையும் சக்கரத்தின் சுழற்சியைத்தான் தடுக்கின்றன. வண்டியை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள பிடி. சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும் அளவுக்கு பிரேக்கில் பலம் இருந்துவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு பெரிய பிரேக் போட்டாலும் அந்த ஒரு நிறுத்தத்தின் தூரம் குறையாது. பிடி நன்றாக உள்ள காய்ந்த தார்ச்சாலையில், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓடும் வண்டி சுமார் 18 மீட்டரில் நிற்க முடியும். பிடி பாதிக்கும் கீழே போய்விட்ட ஈரமண்ணில் அதே வண்டிக்குச் சுமார் 40 மீட்டர் வேண்டும். பிரேக் இரண்டு இடத்திலும் ஒன்றுதான், மாறியது தரை.

பெரிய பிரேக்கால் என்ன பயன்? வெப்பத்தைத் தாங்குவது. ஓடும் வண்டியின் ஆற்றல் முழுவதையும் பிரேக் வெப்பமாக மாற்றியாக வேண்டும். ஆட்களும் சாமான்களும் சேர்த்து 2,000 கிலோ எடையுள்ள ஜீப்பை 60 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்தினால் சுமார் 2.8 லட்சம் ஜூல் வெப்பம் உண்டாகிறது. வேகம் 80 என்றால் கிட்டத்தட்ட 5 லட்சம். முன்சக்கரங்கள் இந்தச் சுமையில் ஏறத்தாழ 70 சதவீதத்தை ஏற்கின்றன என்றும், முன் டிஸ்க் ஒவ்வொன்றும் 10 கிலோ என்றும் வைத்துக்கொண்டால், 60-லிருந்து ஒருமுறை நிறுத்தும்போது டிஸ்க்கின் வெப்பம் சுமார் 20 டிகிரி ஏறும். ஊருக்குள் ஓட்டும்போது அடுத்த நிறுத்தத்துக்குள் காற்று அதை ஆற்றிவிடும்.

மலை இறக்கத்தில் கணக்கு வேறு. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியே மசினகுடி போகும் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். மொத்த இறக்கம் சுமார் 1,200 மீட்டர். அதே 2,000 கிலோ வண்டி அந்த உயரத்தை இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 2.35 கோடி ஜூல். 60 கி.மீ. வேகத்திலிருந்து 80 முறைக்கும் மேல் அடுத்தடுத்து நிறுத்துவதற்குச் சமம் அது. வேகம் குறைவு என்பதால் டிஸ்க்கை ஆற்றும் காற்றும் குறைவு. கியரை மாற்றாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குபவரின் வண்டியில் தீய்ந்த வாசனை வருவதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

## பெரிய டயர் பிரேக்கைத் தளர்த்துவது எப்படி?

மூன்று கதவு தாரின் 255/65 ஆர்18 டயரின் விட்டம் சுமார் 789 மி.மீ. பலர் மாற்றிப் போடும் 33 அங்குல டயரின் விட்டம் 838 மி.மீ. வித்தியாசம் 6 சதவீதம். சிறியதாகத் தோன்றும் இந்த எண் மூன்று வழிகளில் வேலை செய்கிறது.

1. பேட் டிஸ்க்கைப் பிடிக்கும் ஆரம் மாறவில்லை. டயர் சாலையைத் தொடும் ஆரம் கூடிவிட்டது. நீண்ட கடப்பாரையால் கல்லைப் புரட்டுவது எளிது அல்லவா? இங்கே கடப்பாரையின் நீண்ட முனை சாலையின் கையில் இருக்கிறது. அதே பெடல் அழுத்தத்துக்குக் கிடைக்கும் பிரேக் விசை ஏறத்தாழ 6 சதவீதம் குறைகிறது.

2. ஒரு சுற்றில் வண்டி கூடுதல் தூரம் போகிறது. டயர் மாறுவதற்கு முன் 80 என்று முள் காட்டிய இடத்தில் இப்போது உண்மை வேகம் 85. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைச் சார்ந்தது என்பதால், பிரேக் கரைக்க வேண்டிய வெப்பம் 13 சதவீதம் கூடுகிறது. ஓட்டுநருக்கு இது தெரிவதே இல்லை.

3. டயரும் ரிம்மும் எடை கூடுகின்றன. அந்த எடை சக்கரத்தின் வெளிவிளிம்பில் சுழல்வதால், கூரையில் வைத்த அதே அளவு எடையைவிட நிறுத்துவதற்குக் கடினமானது.

இவற்றோடு, சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச், பம்பர், கேரியர் என்று 150 கிலோ சேர்ந்தால் வெப்பச் சுமை மேலும் 7, 8 சதவீதம் ஏறும். லிஃப்ட் கிட் வண்டியின் ஈர்ப்பு மையத்தை உயர்த்துவதால், பிரேக் போடும்போது எடை முன்பக்கம் சாய்வது அதிகமாகி, பின்சக்கரம் இலேசாகிறது. பின்சக்கர பிரேக்கைப் பலப்படுத்த நினைப்பவர்கள் இந்த ஒன்றை மறந்துவிடக் கூடாது.

## வாங்குவதற்கு முன் நான்கு சோதனைகள்

ஆள் நடமாட்டமில்லாத, நேரான, சமதளமான இடத்தில் 40 அல்லது 50 கி.மீ. வேகத்திலிருந்து செய்து பார்க்க வேண்டியவை இவை. பின்சீட்டில் சாமான்கள் தளர்வாக இருக்கக் கூடாது.

1. முழு பலத்தோடு மிதித்தால் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் காக்கும் அமைப்பு) வேலை செய்து பெடல் அதிர்கிறதா? இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் புதிய கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். அது இல்லாத பழைய ஜீப்பில் சக்கரம் பூட்டி டயர் கிறீச்சிடுகிறதா என்று கவனிக்கலாம். இரண்டில் எது நடந்தாலும் பிரேக்கில் பலம் போதுமானதாக இருக்கிறது. நிறுத்தும் தூரத்தைத் தீர்மானிப்பது டயர். சேற்றுக்கான பெரிய பல் டயர் ஈரத் தார்ச்சாலையில் சாதாரண டயரைவிடக் குறைவாகவே பிடிக்கும். வாரத்தில் ஆறு நாள் தார்ச்சாலையில் ஓடும் வண்டிக்கு அந்த டயரைப் போட்டுவிட்டு பிரேக்கைக் குறை சொல்வது நியாயமில்லை.

2. முழு பலத்தோடு மிதித்தும் சக்கரம் பூட்டவில்லை, ஏபிஎஸ்ஸும் அதிரவில்லை என்றால் விசை போதவில்லை. பெரிய டயர், மெருகேறி வழவழப்பான பேட், இறுகிப்போன காலிப்பர் பின், பலவீனமான பூஸ்டர் ஆகியவற்றில் ஒன்று காரணம்.

3. முதல் இரண்டு, மூன்று முறை நன்றாக நின்று, அடுத்தடுத்து மோசமாகிறதா? பெடல் கெட்டியாகவே இருக்கிறது, வண்டி மட்டும் நிற்கவில்லை என்றால் பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது.

4. பெடல் பஞ்சுபோல் அமுங்குகிறதா, தரைவரை போகிறதா? ஆயிலில் காற்றோ நீராவியோ இருக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது. இது நான்கிலும் ஆபத்தானது. சரிசெய்யாமல் வண்டியை எடுக்கக் கூடாது.

வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் அது மேம்பாட்டுக்கான விஷயமே அல்ல, பழுது.

## முதலில் பிரேக் ஆயில்

பெரிய செலவில்லாமல் உயிரைக் காக்கும் மாற்றம் இது; அதனாலேயோ என்னவோ பலரும் இதைக் கவனிப்பதில்லை. சாதாரண பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. நீர் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும். 'டாட்' என்ற தர அளவுகோலில் இரண்டு எண்கள் குறிக்கப்படுகின்றன: புதிய ஆயிலின் கொதிநிலை, 3.7 சதவீதம் நீர் கலந்த பழைய ஆயிலின் கொதிநிலை. குறைந்தபட்ச அளவுகள் இவை.

டாட் 3: புதியதில் 205 டிகிரி, ஈரம் கலந்ததில் 140 டிகிரி.
டாட் 4: 230 டிகிரி, 155 டிகிரி.
டாட் 5.1: 260 டிகிரி, 180 டிகிரி.

மூன்று ஆண்டுகளாக மாற்றாத டாட் 4 ஆயிலைவிட நேற்று ஊற்றிய டாட் 3 மேலானது என்பதை இந்த எண்களே சொல்கின்றன. ஆயில் கொதித்தால் உண்டாகும் நீராவி அழுத்தத்தில் சுருங்கும், திரவம் சுருங்காது. பெடலை மிதித்தால் ஆவி சுருங்குகிறதே தவிர பேட் நகர்வதில்லை. சற்று நேரம் நிறுத்தி ஆறவிட்டால் ஆவி மீண்டும் திரவமாகி பெடலும் சரியாகிவிடும். விபத்துக்குப் பிறகு சோதித்துப் பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோல் தெரிவதும் அதனால்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுவதும் மாற்ற வேண்டும். ஆழமான நீரில் அடிக்கடி இறக்கும் வண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. டாட் 5 என்று தனியாக ஒன்று உண்டு. அது சிலிக்கோன் ஆயில், பெயர் 5.1 போலத் தோன்றினாலும் முற்றிலும் வேறு பொருள். மற்றவற்றோடு கலக்கக் கூடாது, ஏபிஎஸ் உள்ள வண்டிக்கும் ஏற்றதல்ல. கடையில் கேட்கும்போது அந்தப் புள்ளி ஒன்றைக் கவனித்து வாங்க வேண்டும்.

## அடுத்து பேட்

மூன்றாவது சோதனையில் தோற்ற வண்டிக்கான மருந்து இது. பேட் வாங்கும்போது விளம்பரத்தை விட்டுவிட்டு, அதன் முதுகில் அச்சிட்டிருக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பார்க்க வேண்டும். முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில் உள்ள உராய்வுக் கெழு, இரண்டாவது கடும் வெப்பத்தில் உள்ளது. 'ஈ' என்றால் 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45 வரை, 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55 வரை. எஃப்-ஈ என்று இருந்தால் சூடேறும்போது பிடி குறையும் என்று பேட்டே ஒப்புக்கொள்கிறது. எஃப்-எஃப் மலைப்பாதைக்குத் தகுந்தது. அந்த எழுத்துகள் தேய்மானத்தைப் பற்றியோ தரத்தைப் பற்றியோ எதையும் சொல்வதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

உலோகத் துகள் கலந்த பேட் வெப்பத்தை நன்றாகத் தாங்கும். சத்தமும் தூசியும் கூடுதல், டிஸ்க்கும் சற்று வேகமாகத் தேயும். மலையேறும் கனமான ஜீப்புக்கு இந்த விலையைக் கொடுப்பது தகும். பந்தயக் காருக்கான பேட் வேண்டாம். சூடேறிய பிறகே பிடிக்கும்படி செய்யப்பட்டது அது. ஊட்டியில் அதிகாலையில் வண்டியை எடுத்து முதல் வளைவில் மிதிக்கும்போது கைவிடும்.

## ஹோஸ்

காலிப்பருக்கு ஆயிலைக் கொண்டுபோகும் வளையும் குழாய்தான் ஹோஸ். இங்கே இரண்டு தனிக் கேள்விகள் இருக்கின்றன. எஃகு இழை பின்னிய ஹோஸ் அழுத்தத்தில் உப்பாது என்பதால் பெடல் சற்றுக் கெட்டியாகும். நிறுத்தும் தூரம் குறையும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் லிஃப்ட் கிட் போட்ட வண்டிக்கு ஹோஸின் நீளம் உயிர்ப் பிரச்சினை. சக்கரம் ஒன்று குழியில் முழுவதுமாகத் தொங்கும்போது பழைய ஹோஸ் இழுபடும். ஏபிஎஸ் வயரும் அப்படியே. வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் முழுதாகத் தொங்கும் நிலையில், ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்க்க வேண்டும். ஹோஸ் விறைத்து நின்றால் நீளமானதை மாற்றியே தீர வேண்டும். லிஃப்ட் கிட் பொருத்தும் பட்டறையில் இந்தச் சோதனையை உரிமையாளர் கண்முன் செய்துகாட்டச் சொல்வதில் தவறில்லை.

## பெரிய டிஸ்க், பெரிய காலிப்பர்

இரண்டாவது சோதனையில் தோற்று, பேடும் பூஸ்டரும் சரியாக இருந்து, 33 அங்குல டயரையும் கழற்ற மனமில்லை என்றால் அப்போது இந்த வாசலைத் தட்டலாம். விட்டம் பெரிய டிஸ்க் இழந்த நெம்புகோல் பலத்தைத் திருப்பித் தருகிறது. எடை கூடிய டிஸ்க் கூடுதல் வெப்பத்தைத் தாங்குகிறது.

துளையிட்ட டிஸ்க் பார்வைக்கு அழகு. சேற்றில் அந்தத் துளைகள் அடைத்துக்கொள்ளும். கடும் வெப்பத்தில் துளையின் ஓரத்திலிருந்து விரிசல் தொடங்கும். பள்ளக் கோடு போட்ட டிஸ்க் பேட்டின் முகத்திலுள்ள நீரையும் சேற்றையும் வழித்துத் தள்ளும். காட்டுப்பாதைக்கு அதுவோ, எந்தக் கோடும் இல்லாத கனமான டிஸ்க்கோ போதும்.

காலிப்பரில் கவனம் வேண்டும். பிஸ்டனின் பரப்பு கூடினால் பிடிக்கும் விசை கூடும். ஆனால் அதை நகர்த்தக் கூடுதல் ஆயில் வேண்டும், பெடல் ஆழமாகப் போகும். மாஸ்டர் சிலிண்டரைப் பெரிதாக்கினால் பெடல் பழைய உயரத்துக்கு வரும், ஆனால் கூடுதல் விசையின் ஒரு பகுதி திரும்பிப் போய்விடும். முன்பின் சமநிலையும் ஏபிஎஸ்ஸின் கணக்கும் தொழிற்சாலை அளவுகளை நம்பி அமைந்தவை. ஆகவே உங்கள் வண்டி மாதிரிக்கென்றே, ஏபிஎஸ்ஸோடு சோதித்து வடிவமைத்த முழு கிட் மட்டுமே ஏற்கத்தக்கது. வேறொரு வண்டியின் காலிப்பரை வெல்டிங் செய்த தாங்கியில் மாட்டுவதை எந்த விலைக்கும் ஒப்புக்கொள்ளக் கூடாது. 15 அங்குல ரிம் உள்ள ஜிம்னி போன்ற வண்டிகளில் பெரிய காலிப்பர் உள்ளே அடங்குமா என்பதையும் அளந்து பார்க்க வேண்டும்.

## பின்சக்கரத்துக்கு டிஸ்க் தேவையா?

பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. பிரேக் போடும்போது இலேசாகிவிடும் பின்சக்கரத்தில் பலத்தைக் கூட்டினால் அது முதலில் பூட்டும்; வண்டி பின்பக்கமாகச் சுழலும். டிரம்மில் ஷூ சுழற்சியோடு சேர்ந்து தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும் என்பதால் ஹேண்ட் பிரேக் சரிவில் நன்றாகப் பிடிக்கும். டிஸ்க்காக மாற்றிய பல வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பலவீனமாகிவிடுகிறது. சரிவில் நிறுத்தி வின்ச் இழுக்கும் வண்டிக்கு அது பெரும் இழப்பு. தார் ராக்ஸின் சில வகைகளில் நிறுவனமே பின்னால் டிஸ்க் தருகிறதே என்றால், அங்கே சிலிண்டர் முதல் மென்பொருள் வரை அதற்கேற்ப அமைத்திருக்கிறார்கள்.

டிரம்மின் உண்மையான குறை சேறு. உள்ளே போன சேறும் மணலும் வெளியே வர வழியில்லாமல் ஷூவை அரைக்கும். ஒவ்வொரு சேற்றுப் பயணத்துக்குப் பிறகும் டிரம்மைக் கழற்றிக் கழுவுவதுதான் தீர்வு. மெக்கானிக்குக் குறைந்த நேர வேலை.

நான்கு சக்கரத்திலும் டிரம் உள்ள பழைய ஜீப்புகள் மட்டும் வேறு கதை. சூடேறும்போது டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகுவதால், இறக்கத்தில் பெடல் ஆழமாகிக்கொண்டே போகும். அவற்றின் முன்சக்கரத்தை டிஸ்க்காக்குவது இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் மாற்றங்களிலேயே மிகவும் பயனுள்ளது. மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும். டிரம்முக்கான சிலிண்டரில் குழாயில் சிறிது அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு இருக்கும். அந்த அழுத்தம் டிஸ்க்கில் பேட்டை உரசிக்கொண்டே இருக்கச் செய்து, ஓட ஓடச் சூடேற்றும்.

## இறக்கத்தில் கியர், உயரத்தில் பூஸ்டர்

எந்த பிரேக்கைப் போட்டாலும் 2.35 கோடி ஜூலில் பெரும்பகுதியை எஞ்சினிடம் கொடுத்தால்தான் பிரேக் பிழைக்கும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று மலைப்பாதை ஓட்டுநர்கள் சொல்லும் விதி இயற்பியலோடு அப்படியே பொருந்துகிறது. ஆட்டோமேட்டிக் வண்டியில் கியரைக் கையால் தாழ்த்திப் பூட்டலாம். காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போடக் கூடாது. வளைவில் முன்பின் சக்கரங்கள் வெவ்வேறு தூரம் ஓடுவதால் பற்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். மண்ணும் கல்லும் நிறைந்த செங்குத்துச் சரிவில் குறைந்த வேக நான்கு சக்கர இயக்கம்தான் முதல் பிரேக்.

எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவது தற்கொலைக்குச் சமம். பூஸ்டரின் உதவி ஓரிரு மிதிப்பிலேயே தீர்ந்துவிடும். பூஸ்டர் வெளிக்காற்றின் அழுத்தத்தில் இயங்குவது. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குதான் என்பதால் அதன் அதிகபட்ச உதவியும் குறைகிறது. அவசரத்தில் இன்னும் அழுத்தி மிதிக்க வேண்டியிருக்கும்.

## சட்டம்

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே அளவில் தரமான பேட், ஆயில், டிஸ்க் மாற்றுவது பராமரிப்பு. டயர் அளவு, வண்டியின் உயரம், பிரேக்கின் அமைப்பு ஆகியவற்றில் கைவைக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

## பொருத்திய பிறகு

புதிய பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய நேரம் வேண்டும். காலியான சாலையில் 60-லிருந்து 15 கி.மீ. வரை மிதமாக எட்டு, பத்து முறை வேகத்தைக் குறைத்து, முழுவதும் நிறுத்தாமல், இடையில் சற்று ஓட்டி ஆறவிட வேண்டும். பேட் தயாரிப்பாளர் தனி முறை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றலாம். பிறகு முழுவதும் ஆறியதும் நான்கு சோதனைகளையும் மறுபடி செய்து, ஆயில் மட்டத்தையும் ஒவ்வொரு இணைப்பிலும் ஈரக்கசிவு இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு, முதல் மலைப் பயணத்தைச் சுமையில்லாத வண்டியில் போக வேண்டும். பாதி இறக்கத்தில் ஓரமாக நிறுத்தி, சக்கரத்தின் அருகே கையைத் தொடாமல் கொண்டுபோனால் வெப்பம் தெரியும். இடது வலது இரண்டிலும் அது ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அனல் வீசினால் அந்தப் பக்கக் காலிப்பர் விடுபடாமல் உரசிக்கொண்டிருக்கிறது. ஆறவிட்டு, தாழ்ந்த கியரில் மெதுவாக இறங்கி, நேரே பட்டறைக்குப் போக வேண்டும்.